பேர் வெட்டின தூக்குவாளி

ராஜபாளையத்துல ஒரு பேண்டேஜ் கம்பெனியில செக்கிங் டேபிள்ல நிக்கிறவ நான். கண்ணாடி மேசைக்கு அடியில ட்யூப்லைட் எரியும், மேல துணி ஓடிக்கிட்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, இழை விட்டுப்போன எடம்னு எது கண்ணுல பட்டாலும் நிறுத்தி வெட்டி எடுக்கணும். பதினாலு வருசமா இதான் சோலி. தப்புக் கண்டுபிடிக்கிறதுல என்னைய அடிச்சுக்க ஆளில்லன்னு சூப்பர்வைசரே சொல்லுவாரு. இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, பொறவு நான் பண்ணின காரியத்தப் படிக்கிறப்ப நீங்க காறித் துப்புறதுக்கு வசதியா இருக்கும்.

போன வருசம் ஆடியில பிளாக் ஆரம்பிச்சேன். யாரும் சொல்லி ஆரம்பிக்கல, எல்லாம் வீம்புதான். தென்காசிப் பக்கத்துல ஒரு அம்மா மாடித் தோட்டத்தப் பத்தித் தினம் எழுதுவாங்க, அதப் போன்ல படிச்சுக்கிட்டு வருவேன். ஒரு நாள் கத்திரிச்செடியில பூச்சி விழுந்ததுக்கு நாலு பக்கம் அழுதிருந்தாங்க. அதுக்கு எழுபது பேரு ஆறுதல் சொல்லியிருந்தாங்க. இதென்ன பெரிய கம்பசூத்திரமா, எனக்கு எழுத வராதான்னு ஒரு ஞாயித்துக்கெழமை சோறு வடிக்கக்கூட எந்திரிக்காம போனும் கையுமா உக்காந்து தொறந்துட்டேன். பின்னாடி என்ன கலரு வைக்கிறதுன்னே மூணு மணி நேரம் போச்சு. கடைசியில ரோஸ் கலரு வச்சேன்.

பேருக்குத்தான் ரொம்ப யோசிச்சேன். சொந்தப் பேரு போட்டா கம்பெனியில யாராவது பார்ப்பா, முதலாளி காதுக்குப் போகும், வீட்டுக்காரரோட அக்கா தங்கச்சிமாருக்கு ஆறு மாசத்துக்குப் பேச்சு கெடைக்கும். அதனால 'மலையோர மைனா'ன்னு வச்சுக்கிட்டேன். இப்பச் சொல்றப்பவே கூசுது. போட்டோ வேணும்னு கேட்டுச்சு, எம் மூஞ்சிக்குப் பதிலா செண்பகத்தோப்புல எடுத்த ஒரு பாறையப் போட்டேன். எந் தெரு, கம்பெனி பேரு, நாங்க போடுற யூனிபார்ம் கலரு எதுவும் தப்பித் தவறி வந்துரக்கூடாதுன்னு ஒவ்வொரு பதிவையும் மூணு தடவ படிச்சுப் பார்த்துத்தான் விடுவேன். எம் பேர மறைக்கிறதுல நான் அம்புட்டுக் கெட்டிக்காரி.

எழுதத்தான் ஒண்ணும் வரல. மொதப் பதிவு 'வணக்கம், நானும் எழுத வந்துவிட்டேன்'. ரெண்டாவது மழை. மூணாவது ஆண்டாள் கோயில் கோபுரம், அத எழுதாதவங்க யாரு இருக்கா. நாலாவது பால்கோவா, எழுதி முடிச்சுப் பார்த்தா கடை நோட்டீஸ் மாதிரி இருந்துச்சு. அஞ்சாவது எங்க ஊரு நாய். எங்க வீட்டுல நாயே கெடையாது. பொறவு எங்க கிரைண்டரு ரிப்பேரான கதைய எழுதினேன், அது மட்டும் கொஞ்சம் தேவல. ஒவ்வொரு பதிவையும் ஆறு பேரு பார்த்தாங்க, ஏழு பேரு பார்த்தாங்கன்னு காட்டும். அதுல அஞ்சு தடவ நானே போய்ப் பார்த்தது.

எழுத விசயம் கெடைக்கலன்னா என்ன பண்ணணும்னு நெட்டுல தேடினேன். உங்களச் சுத்தி இருக்கிற மனுசங்களப் பாருங்க, உண்மைய எழுதுங்க, நல்ல படமா ஒண்ணு போடுங்கன்னு ஒருத்தரு எழுதியிருந்தாரு. அந்தப் புண்ணியவான் மேல எனக்குக் கோவம் கெடையாது. அவரு சொன்னது சரிதான், எம் புத்திதான் சரியில்ல.

எங்க கம்பெனியில ரோல் சுத்துற செக்‌ஷன்ல பாலம்மாள்னு ஒரு மதினி. ஒறவு கெடையாது, பத்து வயசு மூத்தவிய, அதனால மதினின்னு கூப்பிட்டுப் பழகிப்போச்சு. பொறந்தது கூமாப்பட்டி, வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரு. அவிய வீட்டுக்காரரு குருசாமி அண்ணன் லோடு எறக்குற வேலை. மகன் பாண்டி பத்தாப்பு படிக்கிறப்ப நெஞ்சு வலின்னு உக்காந்தவரு எந்திரிக்கல. பதினாறாம் நாள் முடிஞ்ச மறு வாரமே மதினி ராஜபாளையம் பஸ் ஏறி எங்க கம்பெனிக்கு வந்துட்டாக. ரோல் சுத்துறதுல அவிய கைக்கு ஈடு இன்னைக்கும் கெடையாது. பேசிக்கிட்டே சுத்துவாக, ஒரு ரோல் கோணாது. சிரிச்சா பேக்கிங் வரைக்கும் கேக்கும். அந்தக் கையாலதான் பாண்டிய ஆளாக்கி, லைசென்ஸ் எடுத்துக் குடுத்து, இன்னைக்கு அவன் காலேஜ் பஸ் ஓட்டுறான். மருமக பேரு விஜி.

மத்தியானம் பெல் அடிச்சா பண்டல் அடுக்கியிருக்கிற ஷெட்டுல ஏழு பொம்பளைங்க வட்டமா உக்காருவோம். எங்க கூட்டத்துல ஒரு பழக்கம், அவங்கவங்க சோத்த அவங்கவங்க மட்டும் திங்கிறதில்ல. மூடிய மலத்தி நடுவுல வச்சா, ஆளுக்கு ஒரு கை அள்ளி எல்லா மூடியிலயும் வைக்கணும். மதினியோட தூக்குவாளிக்குத்தான் மொதக் கை நீளும். ஒரு நாள் தக்காளிச் சோறு, ஒரு நாள் புளிச்சோறு, ஒரு நாள் தேங்காய்ச் சோறு, ஒவ்வொண்ணும் நாக்குல நிக்கும். எம் மருமக பக்குவம்னு மதினி சொல்லுவாக. எப்படிச் செய்றான்னு கேட்டா, கேட்டுட்டு வந்து சொல்றேம்பாக. நாலு வருசமா கேட்டு வந்து சொல்லல. எனக்கு உள்ளுக்குள்ள வயித்தெரிச்சல். நான் பார்த்துப் பார்த்துச் சமைச்சாலும் எம் மாமியாரு வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வராது, இங்க இருக்கிற மாமியாரு மருமகளத் தூக்கித் தலையில வச்சு ஆடுதாகளேன்னு.

அந்தத் தூக்குவாளி எவர்சில்வரு. கல்யாணமான மொதத் தீவாளிக்குக் குருசாமி அண்ணன் வாங்கிக் குடுத்தது. பாத்திரக் கடையில பேரு வெட்டித்தான குடுப்பாங்க, அப்படி 'குருசாமி பாலம்மாள் ஸ்ரீவி'ன்னு பக்கவாட்டுல புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். எங்க வீட்டுப் பாத்திரத்துலயும் பேரு இருக்கு, உங்க வீட்டுலயும் இருக்கும். யாரு உக்காந்து அதப் படிக்கிறா.

புரட்டாசியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல எந் தங்கச்சி நாச்சியார் மகளுக்குச் சடங்கு வச்சாக. ராத்தங்கிட்டு, விடிஞ்சதும் அங்கிருந்தே வேலைக்குப் போயிரலாம்னு ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பக்கத்துச் சந்துல மில்லுக்குப் போறவங்களுக்குன்னு காலையிலயே கட்டுச்சோறு பொட்டலம் விக்கிற கடை ஒண்ணு இருக்கு. அந்தக் கடைக்குப் பின்பக்கம், தண்ணித் தொட்டி மறைவுல பாலம்மாள் மதினி குத்தவச்சு உக்காந்து, பொட்டலத்தப் பிரிச்சு தக்காளிச் சோத்தத் தூக்குவாளிக்குள்ள தட்டிக்கிட்டு இருந்தாக. கடைச்சோறுன்னு தெரிஞ்சுறாம இருக்க, ஒரு காகிதத்துல மடிச்சுக் கொண்டாந்த வேர்க்கடலையத் தூவி, கரண்டிக் காம்பால கிளறி விட்டாக. நான் நிக்கிறதப் பார்த்ததும் பொட்டல எலைய அப்படியே கசக்கிக் கைக்குள்ள வச்சுக்கிட்டாக.

பஸ்ல பக்கத்துல உக்காந்து எல்லாம் சொன்னாக. கல்யாணமாகி ரெண்டாம் மாசத்துல மாமியாளுக்கும் மருமகளுக்கும் ஏதோ பேச்சு முத்தி, அன்னையில இருந்து விஜி ரெண்டு பேருக்குத்தான் ஒலை வைக்கிறாளாம். சரி, நான் தனியாப் பொங்கிக்கிடுதேன்னு மதினி சொன்னதுக்குப் பாண்டி, ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்சா தெருவுல என்ன பேசுவாங்கன்னு தடுத்துட்டானாம். ஆகமொத்தம் அடுக்களைக்குள்ள போகவும் கூடாது, தனியா அடுப்பு மூட்டவும் கூடாது. காலையிலயும் மத்தியானமும் அந்தச் சந்துச் சோறு, ராத்திரி கடையில ரெண்டு இட்லி. நாலு வருசம் இப்படித்தான் ஓடியிருக்கு. அம்புட்டையும் சொல்லிட்டு எங் கையப் பிடிச்சுக்கிட்டாக.

"ஏட்டி, செத்தாலும் கம்பெனியில சொல்லிராத. பெத்த மகன் சோறு போடலைன்னா அசிங்கம் அவனுக்கில்ல, எனக்குத்தான்."

ஆண்டாள் மேல சத்தியம் மதினின்னேன். கோபுரம் பஸ் சன்னல்ல தெரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

பத்து நாள் கூட என்னால பொறுக்க முடியல. பொறுக்க முடியலன்னா மதினிக்காக நெஞ்சு கொதிச்சுச்சுன்னு நெனச்சுராதீங்க. எழுத விசயம் இல்லாம இருந்தவளுக்கு விசயம் கெடைச்சிருச்சு, அதான். மருமகள் கைப்பக்குவம்னு தலைப்பு வச்சேன். ஊர சங்கரன்கோவில்னு மாத்தினேன், கம்பெனியப் பூக்கடைன்னு மாத்தினேன், ஆளுக்குப் பேரே வைக்கல. எழுதுறப்ப அழுகையா வந்துச்சு. அந்த அழுகைய வச்சு எனக்கு நல்ல மனசுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

படம் வேணும்ல. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, இந்தச் சோத்த எம் மகளுக்குக் காட்டணும் மதினின்னு சொல்லி போன எடுத்தேன். மதினி முகத்துல அப்படி ஒரு சந்தோசம். வெளிச்சம் நல்லா விழட்டும்னு தூக்குவாளிய அவியளே எம் பக்கம் திருப்பி வச்சாக. வீட்டுக்கு வந்து படத்த உத்துப் பார்த்தேன். ஓரத்துல எங் கட்டைவிரலும் வளையலும் விழுந்திருந்துச்சு. வளையல வச்சு யாரும் கண்டுபிடிச்சுருவாகளோன்னு அந்த ஓரத்த வெட்டித் தள்ளிட்டுப் படத்தப் போட்டேன். நடுவுல புள்ளி புள்ளியா இருந்தது எங் கண்ணுல படல. நாள் பூரா வெள்ளைத் துணியில ஊசி முனை ஓட்டையப் பார்க்கிற கண்ணு இது.

மூணு நாள்ல நாலாயிரத்துச் சொச்சம் பேரு படிச்சிருந்தாங்க. மைனா அக்கா, நெஞ்சைப் பிழிஞ்சுட்டீங்கன்னு எழுதினாங்க. எங்க அம்மா ஞாபகம் வந்துச்சுன்னு எழுதினாங்க. அரை மணிக்கு ஒரு தடவ பாத்ரூம் போறேன்னு போயி எண்ணிக்கையப் பார்த்துட்டு வந்தேன். அந்த மூணு நாளும் மதினி எம் மூடியில சோறு வச்சுக்கிட்டேதான் இருந்தாக, நானும் தின்னுக்கிட்டேதான் இருந்தேன்.

நாலாம் நாள் பேக்கிங்ல இருக்கிற ஜெபா போனும் கையுமா வந்து வட்டத்துல உக்காந்தா. அவ தங்கச்சி யாரோ அனுப்பினாளாம், படிச்சா அழுதுருவீகன்னு சொல்லிச் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சா. மொத வரியிலயே நான் எழுதினதுன்னு தெரிஞ்சுபோச்சு. பயந்தேன்னு சொன்னா பொய்யி. நான் எழுதினத ஒருத்தி வாய்விட்டு வாசிச்சு நாலு பேரு மூக்க உறிஞ்சுறதக் கேக்க எனக்கு இனிச்சுச்சு. மதினி தல நிமிரவே இல்ல. ஜெபா முடிச்சுட்டு, சோறு நம்ம மதினி சோறு மாதிரியே இருக்குல்லன்னு சொல்லி, படத்த ரெண்டு வெரலால இழுத்துப் பெருசாக்கினா. என்னமோ எழுதியிருக்குன்னு எழுத்துக் கூட்டி வாசிச்சா. குருசாமி வரைக்கும் வாசிச்சா. அடுத்த பேர வாசிக்கல.

எல்லாக் கண்ணும் நடுவுல இருந்த தூக்குவாளி மேல போச்சு. சோத்துக்குள்ள இருந்த கைய மதினி மெதுவா எடுத்தாக. இன்னொரு கையால தூக்குவாளிய எடுத்து முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டுக் குழாயடிக்குப் போனாக. அவிய அந்தப் பக்கம் போனதும் இங்க எல்லாரும் ஆரம்பிச்சுட்டாங்க. பாண்டியத் திட்டல, விஜியத் திட்டல, எழுதினவளத்தான் திட்டினாங்க. யாருடி அந்த மைனா, கூட இருந்து பார்க்காம இத எழுத முடியாதே, எவளா இருந்தாலும் வெளங்குவாளான்னு. எல்லாரும் திட்டுறப்ப நான் சும்மா இருந்தா சந்தேகம் வரும்ல.

"நாசமாத்தான் போவா"ன்னு சொன்னேன்.

சொல்லிட்டு நிமிர்ந்தா மதினி நிக்கிறாக. மூடிய மறந்து வச்சுட்டுப் போனவிய அத எடுக்க வந்திருக்காக. அவிய பஸ்ல வச்சு அம்புட்டையும் சொன்னது இந்த ஒலகத்துல ஒருத்திகிட்டதான். எம் மொகத்தையே செத்த நேரம் பார்த்தாக. இவதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே என்னைய அஞ்சு பேரும் சேர்ந்து பிச்சு எடுத்திருப்பாங்க. சொல்லல. குனிஞ்சு மூடிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாக.

பாத்ரூம்ல நின்னு பதிவ அழிச்சேன். அழிச்சு என்ன, எடுத்தவங்க எடுத்து எல்லாக் குரூப்லயும் போட்டுட்டாங்க. மதினி தெருக் குரூப்லயும் வந்துருச்சு, பாண்டி ஓட்டுற பஸ்லயே வாசிச்சிருக்காங்க. மதினி நாலு நாள் வேலைக்கு வரல. நாலு நாளும் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் எம் முன்னாடி வந்து நின்னு போச்சு. நான் ஏறல. ஏறி அந்த வாசல்ல போயி நிக்கிறதுக்கு எனக்குக் கால் வரல.

அஞ்சாம் நாள் வந்தாக. ஆனா வட்டத்துல உக்காரல, பண்டலுக்குப் பின்னாடி தனியா உக்காந்துக்கிட்டாக. ஜெபா போய்க் கூப்பிட்டதுக்கு, பசி இல்ல தாயின்னுட்டாக. ரெண்டு நாள் பார்த்துட்டு மூணாம் நாள் நானே போயி எதுத்தாப்புல உக்காந்தேன். தூக்குவாளி தொறந்து இருந்துச்சு. வெள்ளைச் சோறு, முருங்கைக்காய்ச் சாம்பாரு, அவிச்ச முட்டை, தனிச் சம்படத்துல தயிரு. ஒரு பருக்கை தொடல. மன்னிச்சிருங்க மதினி, அழிச்சுட்டேன்னு சொன்னேன். மதினி வீட்டுல நடந்ததச் சொன்னாக. தெருவுல தல காட்ட முடியலன்னு பாண்டி குதிச்சானாம். இப்ப விஜி விடியக்காலம் எந்திரிச்சுப் பொங்கிருதா, தூக்குவாளிய வாசப்படி வரைக்கும் கொண்டாந்து, எதுத்த வீட்டுல ஆளு நிக்கிற நேரம் பார்த்துக் கையில குடுக்குதான்னு. சொல்லிட்டுத் தூக்குவாளிய எம் பக்கம் தள்ளினாக.

"இது எனக்குப் போட்ட சோறு இல்லட்டி. நீ எழுதினதுக்குப் பயந்து போட்ட சோறு. எனக்கு எறங்கல. நீயே தின்னு."

எஞ் சோத்த அவிய பக்கம் நீட்டினேன், வாங்கல. காலையில சந்துலயே சாப்பிட்டாச்சுன்னாக. வேற வழி தெரியல, அவிய பார்த்துக்கிட்டு இருக்க உக்காந்து தின்னேன். சொல்லவே நாக்குக் கூசுது, சாம்பாரு ருசியா இருந்துச்சு. எப்படி இருக்குன்னு கேட்டாக. நல்லா இருக்கு மதினின்னேன்.

"அப்ப நல்லாத்தான் சமைப்பா போல. நாலு வருசமா நாஞ் சொன்னது பொய்யில்ல" அப்படின்னாக.

அங்கயே தேம்பித் தேம்பி அழுதுட்டேன். எல்லாம் கட்டுக்கதை, நடக்காத விசயம்னு மறுபடி எழுதிப் போட்டுருதேன் மதினி, ஊரு வாய அடைச்சுரலாம்னு கேட்டேன். மதினி தூக்குவாளியக் கையில எடுத்து, வெட்டியிருக்கிற பேர விரலால ஒரு தடவ தடவிப் பார்த்தாக. எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும் அவியளுக்கு.

"எம் பேருதான் ஊரெல்லாம் போயிருச்சே. ஒம் பேரு எங்கட்டி?"

பெல் அடிச்சுச்சு, எந்திரிச்சுப் போயிட்டோம்.

அந்த ரோஸ் கலரு பிளாக்க மூடிட்டேன். இது புதுசாத் தொறந்தது, இதுல இதான் மொதப் பதிவு. நேத்துப் பண்டலுக்குப் பின்னாடி உக்காந்து மதினிக்கு முழுசா வாசிச்சுக் காமிச்சேன். அவிய எங்கயும் அழுகல, சிரிக்கல. அவிய பேர எடுத்துரட்டான்னு கேட்டேன், இனிமே எடுத்து என்ன, கெடக்கட்டும்னாக. முடிச்ச பொறவு, ஒம் பேரு இன்னும் வரலையேன்னு மட்டும் சொன்னாக. என்னைய மன்னிச்சாகளான்னு நான் கேக்கல, அவியளும் சொல்லல. விஜி சோத்த இன்னைக்கும் நான்தான் தின்னேன்.

எங்க கம்பெனியில இத யாராவது படிப்பீங்க. ஜெபா படிப்பா. அந்த மைனா நான்தான். எம் பேரு ஜெயசித்ரா, செக்கிங் டேபிள்.